மோனா தீவில் நடந்தது

பண்டைய பிரிட்டனின் பூசாரிகளான ட்ரூயிட்கள் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர்களை ஒழித்த ரோமானியர்கள் எழுதி வைத்ததுதான்.

கி.பி. 60 வாக்கில் பிரிட்டனின் ரோம ஆளுநர் சூட்டோனியஸ் பவுலினஸ், வேல்ஸை ஒட்டிய மோனா தீவை (இன்றைய ஆங்கிள்சி) தாக்கினார். கரையில் ட்ரூயிட்கள் கைகளை உயர்த்திச் சபிக்க, கறுப்புடைப் பெண்கள் தீப்பந்தங்களோடு ஓட, ரோமப் படை உறைந்து நின்றது என்கிறார் ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். அப்புறம் வெட்டித் தள்ளினார்கள். புனிதத் தோப்புகளையும் விட்டுவைக்கவில்லை. கேட்டால், ட்ரூயிட்கள் கைதிகளை நரபலி கொடுத்தார்களாம். அரங்கில் மனிதர்களை மோதவிட்டு ரசித்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள், கேட்டுக்கொள்வோம்!

அதற்குள் பிரிட்டனின் கிழக்கே அரசி பூடிக்கா ரோமுக்கு எதிராகக் கிளர்ந்தெழ, பவுலினஸ் அவசரமாகத் திரும்பினார். தீவு முழுதாக ரோமின் கைக்கு வர 15 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. பிடித்தவர் பின்னால் வந்த ஆளுநர் அக்ரிகோலா. டாசிட்டஸின் சொந்த மாமனார்.