அந்த ராத்திரி ஹாஸ்டல்ல

ஃபைனல் இயர்ல ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு ரூம்மேட் வந்து கட்டில்ல உக்காந்தா, ஒரு கால்ல மட்டும்தான் செருப்பு இருந்துச்சு, ரொம்ப நேரம் பேசவே இல்ல, அப்புறம் சொன்னா, ஒருத்தன் அவள பாலியல் வன்கொடுமை பண்ணிட்டான்னு. எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. பெண்கள் உதவி எண் 181க்கு போன் போட்டேன், எடுத்த அக்கா பொறுமையா, குளிக்க வேணாம்மா, டிரஸ்ஸ துவைக்காம பேப்பர் கவர்ல போட்டு எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு போங்கன்னாங்க.

அங்க கவுன்டர்ல எஃப்ஐஆர் இருக்கான்னு கேட்டாங்க. தயவுசெஞ்சு இத ஞாபகம் வெச்சுக்கோங்க, கவர்மென்ட்டோ பிரைவேட்டோ, எஃப்ஐஆர் இல்லன்னாலும் உடனே ஃப்ரீயா ட்ரீட்மென்ட் குடுத்தே ஆகணும், அது சட்டம். எச்ஐவி தடுப்பு மாத்திரைய 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், அதனாலதான் விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது. போலீஸுக்குப் போனா எந்த ஸ்டேஷன்லயும் ஜீரோ எஃப்ஐஆர் போடலாம், அதாவது சம்பவம் வேற ஸ்டேஷன் எல்லைல நடந்திருந்தாலும் புகார பதிஞ்சுக்கணும்.

காலேஜ்ல 2013 பணியிட பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகப் புகார் குழு இருக்கணும், அங்க சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும். எங்க வார்டன் கேட்டதோ "அந்த நேரத்துல ஏன் வெளிய போனா?"ன்னு. இன்னும் நெஞ்சு கொதிக்குது.

விடிஞ்சதும் அவ டீ வேணும்னா. வாங்கிட்டு வந்தேன், ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து ரெண்டு பேரும் பேசாம குடிச்சோம்.