கை நனைக்க முடியாத வீடு

உயிரைக் காப்பாற்றி அழைத்துவந்தவர்கள் வீட்டிலேயே கை நனைக்க முடியாமல் போனால்? 1940இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஆபிரகாம் யோசுவா ஹெஷலுக்கு நேர்ந்தது அதுதான். அழைத்தது ஹீப்ரூ யூனியன் கல்லூரி. ரபிகளை, அதாவது யூத மதகுருக்களை உருவாக்கும் இடம். அதன் சாப்பாட்டுக் கூடமோ கோஷர் இல்லை, அதாவது யூத உணவு விதிப்படி நடக்கவில்லை.

1907இல் வார்சாவில், ஹசிடிக் என்ற யூத பக்தி இயக்கத்தின் குருமார் பரம்பரையில் பிறந்தவர் ஹெஷல். பெர்லினில் தத்துவம் படித்தவர். 1938 அக்டோபரில் ஜெர்மனியிலிருந்த போலந்து நாட்டு யூதர்களை நாஜிகள் எல்லைக்கு அப்பால் தள்ளியபோது அவரும் தள்ளப்பட்டார். மறு ஆண்டு ஜெர்மன் படை போலந்துக்குள் நுழைய ஆறு வாரம் இருக்கையில் லண்டனுக்குக் கிளம்பிவிட்டார்.

கல்லூரி நடத்திய சீர்திருத்த யூதர்களுக்கு உணவு விதிகள் பழங்கதை. 1883இல் அங்கே முதல் ரபிகள் பட்டம் பெற்றபோது வைத்த விருந்தில், விதி விலக்கிய இறாலும் தவளைக்காலும் பரிமாறி ஊரே இரண்டுபட்டது. சின்சினாட்டிக்குப் பழைய பட்டப்பெயர் 'பன்றி மாநகர்'. ஊர்ப் பொருத்தம் அப்படி!

கறி வேண்டாம், காய்கறியை மட்டும் சாப்பிட்டிருக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். சூடான பாத்திரம் தன்னுள் வெந்ததன் சுவையை உறிஞ்சிக்கொள்ளும் என்பது விதி. விலக்கான பன்றி வெந்த சட்டியில் உருளைக்கிழங்கை வேகவைத்தாலும் ஆகாது. கறியும் பாலும் கலக்கவும் கூடாது; ஆகவே கறிக்கு ஒரு செட் பாத்திரம், பாலுக்கு இன்னொரு செட். முறைப்படி அறுத்த கறியானாலும் அரைமணி நேரம் நீரில் ஊறவேண்டும். பிறகு எல்லாப் பக்கமும் உப்புத் தடவி, ரத்தம் வழிந்தோடும்படி சாய்ந்த பலகையில் ஒரு மணி நேரம். கடைசியில் மூன்று முறை அலசல். நைஸ் உப்பு ரத்தத்தை இழுப்பதற்குள் கரைந்துவிடும், கல்லுப்பு பெரிதாயிருந்தால் உருண்டு விழும்; நடுத்தரம்தான் சரி. ஈரலுக்கு உப்பு போதாது, நெருப்பில் நேரடியாகச் சுடவேண்டும். விடுதி அறையில் இதெல்லாம் நடக்கிற காரியமா? ஹெஷல் தன் சாப்பாட்டைத் தன் அறையிலேயே பார்த்துக்கொண்டார்.

ஐரோப்பாவில் தாயையும் மூன்று அக்காள்களையும் போர் கொண்டுபோனது.

1945இல் நியூயார்க்கிலுள்ள யூத இறையியல் கல்லூரிக்கு மாறினார்; அங்கே அடுப்பில் வம்பில்லை. அடுத்த ஆண்டு பியானோக் கலைஞர் சில்வியாவுடன் திருமணம். 1951இல் 'சப்பாத்' என்ற சிறு நூல். சப்பாத் எனும் யூதர்களின் வார ஓய்வு நாளை, மண்ணில் அல்லாமல் காலத்தில் எழுப்பிய அரண்மனை என்றார். மண்ணை இழந்தவர் சொன்னதாக அதைப் படித்தால்தான் எடை தெரியும். அந்த அரண்மனைக்குக் கட்டுமான அளவும் உண்டு: வெள்ளிக்கிழமை சூரியன் மறைய 18 நிமிடம் முன்பு விளக்கேற்றுவது வழக்கம், துணி மூடிய இரண்டு ரொட்டி, விலக்கிய வேலை வகைகள் 39. சனி இரவு மூன்று நட்சத்திரம் தெரியும்வரை, ஏறக்குறைய 25 மணி நேரம். விளக்கேற்றப் பிந்தினால் ஏற்றவே கூடாது. தீ மூட்டுவதும் அந்த 39இல் ஒன்று. வார்சாவோ நியூயார்க்கோ, வெள்ளி மாலை தவறாமல் வந்துவிடும், விசா வேண்டாம்.

1965இல் அமெரிக்காவின் செல்மா ஊரில், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக மார்ட்டின் லூதர் கிங்குடன் முன்வரிசையில் நடந்தார். கால்கள் ஜெபித்தன என்றார். அவரை இனி அகதி என்று யார் சொல்வார்? அவரே சொன்னார். அதே ஆண்டு நியூயார்க்கில் ஒரு கிறிஸ்தவ இறையியல் கல்லூரியில் பேசியபோது, தன் மக்கள் எரிந்த நெருப்பிலிருந்து பிடுங்கப்பட்ட கொள்ளி என்றுதான் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

அமெரிக்கா கொண்டாடிய நூல்களை ஆங்கிலத்தில் எழுதியவர், 1972 டிசம்பரில் இறப்பதற்குச் சற்று முன்பு போலந்தின் கோட்ஸ்க் ஊரில் வாழ்ந்த ஹசிடிக் ரபி மெண்டலைப் பற்றி இரண்டு தொகுதிகளை முடித்தார். அவற்றை எழுதியது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான யிட்டிஷில். வார்சாவில் சிறுவனாக அந்த ரபியின் கதைகளைக் கேட்டதும் அந்த மொழியில்தான்.