நாற்பத்திரண்டு சான்றிதழ், ஒன்றுகூடச் செல்லவில்லை

காரைக்குடியில் ஒரு பலகாரக் கம்பெனியில் கணக்கும் ஆள் நிர்வாகமும் பார்க்கிறேன். தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை, அதிரசம், மாவுருண்டை எல்லாம் போடுகிறோம். கல்யாணச் சீர் ஆர்டர்தான் பெரிய வியாபாரம், மீதி கடைகளுக்குப் போகும். வேலைக்கு 42 பேர். அதில் 36 பேர் பெண்கள். இவர்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்து, வேண்டிய சான்றிதழை வாங்கி முடிக்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. விவரம் தெரிந்து செய்திருந்தால் இரண்டு வாரத்து வேலை. பலகாரம், ஊறுகாய், மசாலாப் பொடி என்று சிறிதாகத் தொழில் நடத்துகிறவர்கள் இந்தப் பக்கம் நிறைய இருக்கிறார்கள். நான் பட்டதை அவர்களும் பட வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

உரிமம் வைத்திருக்கும் உணவுத் தொழில் எதுவானாலும், உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒருவர் வீதம் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் விதி. ஃபோஸ்டாக் என்ற திட்டத்தில் அந்தப் பயிற்சி நடக்கிறது. 42 பேருக்கு இரண்டு மேற்பார்வையாளர் வேண்டும். எங்களிடம் இருந்தது ஒருவர். சான்றிதழ் இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும். அவருடையது கெடு தாண்டியிருந்தது, அவரும் வேலையை விட்டுத் திருப்பூர் போய் எட்டு மாதம். சட்டம் போட்ட சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. தை மாதக் கடைசியில் ஆய்வுக்கு வந்த அதிகாரி தேதியைக் காட்டிச் சொன்னபோதுதான் எனக்கே உறைத்தது. அவர் கடிந்து பேசவில்லை. சீக்கிரம் சரிசெய்யுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கம்பெனி நடத்துகிற ஆச்சி, "ரெண்டு பேருக்கு மட்டும் எதுக்கு? எல்லாருமே படிச்சுக்கிறட்டும்" என்றார். நல்ல மனசோடு சொன்னார், நானும் மனசார ஒத்துக்கொண்டேன். எல்லாரும் கற்க வேண்டும் என்பதில் இன்றைக்கும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நாங்கள் போன வழிதான் தப்பு.

மதுரையில் உள்ள ஒரு பயிற்சி நிறுவனத்தைப் பிடித்தோம். குறைந்த கட்டணம் சொன்னார்கள் என்பதைத் தவிர வேறு எதையும் நான் விசாரிக்கவில்லை. அவர்களுக்குத் தோதான நாளைக் கொடுத்தார்கள். பங்குனியில் ஒரு நாள். நாள்காட்டியைப் பார்க்காமல் சரி என்றுவிட்டேன். அன்றைக்கு முத்துமாரியம்மன் கோயிலுக்குப் பால்குடம். எங்கள் பெண்களில் பாதிப் பேர் காப்புக் கட்டி விரதம் இருக்கிறவர்கள். நாளை மாற்றக் கேட்டதற்கு, கட்டிய பணம் திரும்பாது என்றார்கள். கெஞ்சிக் கூத்தாடி நான்கு நாள் தள்ளி வைத்தேன். அந்த நாளோ கல்யாண ஆர்டர் நெருக்கடியில் வந்து விழுந்தது.

ஆச்சி வீட்டு வளவில் நாற்காலி போட்டோம். பயிற்சி கொடுக்க வந்தவர் இளைஞர், படித்தவர், அவர் மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் திரையில் ஓடியதெல்லாம் ஆங்கிலம். வாயால் தமிழில் சொன்னார் என்றாலும், சொன்னது ஓட்டல் சமையலைப் பற்றி: குளிர்பெட்டியில் பச்சை இறைச்சியைக் கீழே வை, சமைத்ததை மேலே வை. எங்கள் கம்பெனியில் இறைச்சியும் இல்லை, குளிர்பெட்டியும் இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நடுவில், வளையல் போட்டுக்கொண்டு வேலை செய்யக்கூடாது, எல்லாரும் கழற்றுங்கள் என்றார். புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி எழுந்து வெளியே போய்விட்டாள். போய்க் கேட்டால் கண் கலங்கி நிற்கிறாள். அந்தச் சூட்டோடு இன்னும் சிலர் எழுந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு எண்ணிப் பார்த்தேன். 17 பேர் இல்லை.

முதலில் அவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். அன்று சாயங்காலம் முறுக்குச் சுற்றும் அக்கா ஒருவர் வந்து, "ஆத்தா, இன்னைக்குக் கூலி எப்புடி?" என்று கேட்டபோது அந்தக் கோபம் அப்படியே அடங்கிப்போனது. கை முறுக்குச் சுற்றுகிறவர்களுக்கும் சீடை உருட்டுகிறவர்களுக்கும் கிலோக் கணக்கில் கூலி. நாலு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தால் அன்றைய வருமானத்தில் பாதி போயிற்று. மாதச் சம்பளம் வாங்குகிற எனக்கு அது தோன்றவே இல்லை. கூலியை இழந்து, புரியாத மொழியில், செய்யாத வேலையைப் பற்றி ஏன் கேட்க வேண்டும்? அடுப்பு ஓயாமல் எரிகிற நாளில் அவர்களை உட்கார வைத்தது என் பிழை. ஆச்சியிடம் சொன்னேன். மறுநாளே எல்லாருக்கும் முழு நாள் கூலி கொடுத்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்துச் சான்றிதழ்கள் வந்தன. நடுவில் எழுந்து போனவர்களுக்கும் சேர்த்து நாற்பத்திரண்டு. எடுத்து வைத்துப் படித்தால், எல்லாம் கேட்டரிங் பிரிவு, அதுவும் பேசிக். நாங்கள் பலகாரம் உற்பத்தி செய்து பொட்டலம் கட்டி விற்கிறவர்கள். எங்களுக்கு வேண்டியது மேனுஃபாக்சரிங். பேசிக் என்பது பதிவு மட்டும் வைத்திருக்கும் சின்னத் தொழிலுக்கு, உரிமம் உள்ளவர்களுக்கு அட்வான்ஸ். ஆக, ஒன்றுகூட எங்களுக்கு உதவாது. ஒன்பது பேருக்குப் பெயரிலும் பிழை. ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், சான்றிதழில் முன்னால் வந்திருக்கிறது, ஒருவருக்குக் கணவர் பெயரே சேர்ந்துவிட்டது.

போன் எடுக்கவில்லை என்று மதுரைக்கே பஸ் ஏறினேன். திருப்பத்தூர், மேலூர் வழியாகப் போய் இறங்கி, ஆட்டோ பிடித்து, மாடி ஏறினால் பூட்டு. கீழே இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர், "அவங்க வாரத்துல ரெண்டு நாள்தாங்க வருவாங்க" என்றார். இரண்டாம் முறை போனபோது ஒரு பெண் இருந்தார். படிவத்தில் நீங்கள்தானே கேட்டரிங் என்று டிக் செய்தீர்கள் என்று என் கையெழுத்தைத் திருப்பிக் காட்டினார். உண்மைதான். அவர்கள் போனில் சொன்னபடி டிக் செய்திருந்தேன். கல்யாணப் பலகாரம் என்று நான் சொன்னதை அவர்கள் கல்யாணச் சமையல் என்று எடுத்துக்கொண்டார்கள். என்ன செய்கிறோம், எந்த உரிமம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பணம் போனது போனதுதான்.

இரண்டாவது தடவை ஆடி மாதத்தைப் பிடித்தேன். கல்யாணம் கிடையாது, கோகுலாஷ்டமிச் சீடைக்கு நாள் இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் கோயிலுக்குப் போவார்கள், பதினெட்டாம் பெருக்கும் ஆகாது. புதன்கிழமை என்று முடிவு செய்தேன். இந்தத் தடவை பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டேன்: எந்தப் பிரிவு, பேசிக்கா அட்வான்ஸா, திரையில் ஓடுவது தமிழா, தேர்வுக் கேள்வி தமிழா, பெயர்ப் பட்டியலை அனுப்புவதற்கு முன் நான் ஒரு தடவை பார்க்கலாமா. எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கினேன். பதில் எழுதத் தயங்கிய ஓர் இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தை எடுத்தோம். கைப்பேசி எண் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. முதல் தடவை பல பெண்கள் கொடுத்த எண் மகனிடமோ கணவரிடமோ இருந்தது, தகவல் எல்லாம் அங்கேதான் போனது. இந்த முறை யார் கையில் போன் இருக்கிறது என்று கேட்டுத்தான் எழுதினேன்.

இன்னொரு முடிவும் எடுத்தோம். சான்றிதழுக்கு 42 பேர் போக வேண்டியதில்லை. விதிப்படி இருவர் போதும். ஒருவர் விலகினால் பழைய கதை ஆகக்கூடாது என்று மூன்று பேர்: நான், பாக்கிங் மேற்பார்க்கும் தம்பி, எண்ணெய்ச் சட்டி பார்க்கும் பெரியம்மா. மற்றவர்களுக்குத் தேவை பாடம்தான். அதை நாங்கள் மூவரும் கற்று வந்து, அடுப்படியில் வைத்தே, வாரம் ஒரு அரை மணி சொல்வது, அந்த அரை மணிக்கும் கூலி உண்டு என்று ஆச்சி ஒப்புக்கொண்டார்.

பெரியம்மாவுக்கு 58 வயது. எட்டாவதோடு நின்றவர். வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947-ல் கல்லூரி தொடங்கிய ஊர் இது. அந்த வாசலைத் தாண்டித்தான் தினம் வேலைக்கு வருகிறார், உள்ளே ஒரு நாளும் போனதில்லை. "பரீச்சையா? எனக்கு வேணாம் ஆத்தா" என்று இரண்டு நாள் மறுத்தார். செய்தித்தாளைத் தினம் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கிறவர். நீங்கள் போகாவிட்டால் எண்ணெய் விஷயம் யாருக்குப் புரியும் என்று கேட்ட பிறகு வந்தார்.

பயிற்சி நல்லபடியாக முடிந்தது, தேர்வில் மூவரும் தேறினோம், பெயர்களில் பிழை இல்லை. அட்வான்ஸ், மேனுஃபாக்சரிங் என்று அச்சிட்டதைக் கையில் வாங்கியபோது நான் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

அதைவிட எனக்குப் பெரிதாகப்பட்டது அதற்குப் பிறகு நடந்தது. முதல் புதன்கிழமை ஒரு தெர்மாமீட்டர் வாங்கிப் போனேன். தேன்குழலுக்கு எண்ணெய் காய்ந்ததா என்று பெரியம்மா ஒரு துளி மாவைக் கிள்ளிப் போட்டுத்தான் பார்ப்பார். அவர் "இப்பப் போடலாம்" என்றதும் நான் அளந்தேன். 174 டிகிரி. மறுபடி செய்தோம், 172. மூன்றாம் தடவை 175. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். பெரியம்மா முகத்தில் வந்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன். அதுவரை அந்தப் பதம் அவர் கையில் மட்டும் இருந்தது. அவர் லீவு போட்டால் அன்றைய தேன்குழல் ஒன்று சிவந்துவிடும், இல்லையென்றால் எண்ணெய் குடித்துவிடும். இப்போது புதுப் பெண்கள் மாவைக் கிள்ளிப் போட்டுப் பழகுகிறார்கள், தப்பாதிருக்க அளந்தும் பார்க்கிறார்கள்.

அடுத்தது எண்ணெய். குறைந்தால் பழைய எண்ணெயிலேயே புதியதை ஊற்றி நிரப்புவது எங்கள் வழக்கம். திரும்பத் திரும்பக் காயும் எண்ணெயில் கெட்ட பொருள்கள் சேர்ந்துகொண்டே போகும். அதை டி.பி.சி. (டோட்டல் போலார் காம்பவுண்ட்ஸ்) என்று அளக்கிறார்கள், 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலையிலிருந்து இருக்கிறது. பெரியம்மா இதைக் கேட்டுவிட்டு, "நொரை கட்டி, கருத்து, கொழகொழன்னு வரும்ல, அதான்" என்று மற்றவர்களுக்கு ஒரே வரியில் விளக்கினார். இப்போது சட்டிக்குச் சட்டி நோட்டுப் போட்டிருக்கிறோம்: எண்ணெய் மாற்றிய தேதி, எத்தனை கிலோ பொரித்தது. கழித்த எண்ணெயை அதற்கென்று உள்ள வண்டிக்குத்தான் கொடுக்கிறோம். காறல் வாடை என்று கடைகளிலிருந்து மாதம் ஆறேழு பெட்டி திரும்பி வரும். போன இரண்டு மாதத்தில் வந்தது ஒன்றுதான்.

வளையல் விஷயத்துக்கு நான் பயந்தேன். பெரியம்மா அதை எடுத்துக்கொண்டார். முன்பு ஒரு வாடிக்கையாளர் மாவுருண்டையோடு திருப்பி அனுப்பிய கண்ணாடி வளையல் துண்டு ஒன்றை ஆச்சி ஒரு டப்பாவில் வைத்திருந்தார். அதை உள்ளங்கையில் வைத்து எல்லாரிடமும் காட்டி, "ஒரு பிள்ளை வாயில போயிருந்தா?" என்று மட்டும் கேட்டார். பிறகு தன் வளையலைத் தானே முதலில் கழற்றினார். வாசலில் ஒரு பலகையில் ஆளுக்கொரு கொக்கி அடித்துக் கொடுத்தோம். வளையல் அங்கே தொங்கும், போகும்போது போட்டுக்கொள்வார்கள். தாலி கழுத்திலேயே இருக்கும், ஏப்ரனுக்கு உள்ளே விட்டுக்கொள்ள வேண்டும். அன்று அழுதுகொண்டு வெளியே போன பெண்தான் இப்போது காலையில் அந்தப் பலகையைப் பார்த்துக்கொள்கிறாள்.

ஒன்று மறக்கக் கூடாது. சான்றிதழ் வந்த அன்றே முடியும் தேதிக்கு மூன்று மாதம் முந்தைய நாளைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். வருஷா வருஷம் எடுக்க வேண்டிய மருத்துவப் பரிசோதனைத் தேதியையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். சட்டம் போட்டு மாட்டியதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, நான் பார்க்கவில்லை.

ஆவணியில் ஐந்து பெண்கள் புதிதாகச் சேர்ந்தார்கள். அதிரசப் பாகு பதம் அவர்களுக்கு யார் சொல்வது என்று பேச்சு வந்தபோது, பெரியம்மா தானே முன்வந்து இரண்டு புதன்கிழமையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கிற பதத்தைத் தெர்மாமீட்டரிலும் எழுதி வைக்க வேண்டுமாம். நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.