பொருள்: பணி விலகல் தொடர்பாக

2024 நவம்பர் 10, ஞாயிறு

தீபாவளிக்கு ஊருக்குப் போன டெய்லர்களில் பாதிப் பேர் இன்னும் திருப்பூர் திரும்பவில்லை. நாளை கம்பெனி திறக்கிறது. போனஸ் வாங்கிய கையோடு லெட்டரை நீட்டுகிறவர்களை நானே எவ்வளவு பேசியிருக்கிறேன்.

நவம்பர் 12

அனுப்புநர், பெறுநர், பொருள். அதற்கு மேல் கை ஓடவில்லை. வாழ்க்கையில் நான் ஒழுங்காக எழுதிய ஒரே கடிதம் ஏழாம் வகுப்பில் காய்ச்சல் விடுப்புக்கு எழுதியதுதான். இன்றைக்கும் 'தாழ்மையுடன்' என்றுதான் வருகிறது. மற்றவர்கள் நெட்டில் எடுத்த இங்கிலீஷ் லெட்டரில் பேரை மட்டும் மாற்றிக் கொடுப்பார்கள். முதலாளி அதை என் பக்கம் தள்ளி, "என்ன போட்டிருக்கான், படி" என்பார். என்னுடையதை யாரிடம் தள்ளுவார்? தமிழில்தான் எழுத வேண்டும்.

பீரோ சாவி இரண்டு. ஒன்று என்னிடம். இன்னொன்று எங்கே?

நவம்பர் 13

தூக்கமில்லை. வேலையை விட்டால் கைக்கு வர வேண்டிய கிராஜுவிட்டிக்குக் கணக்குப் போட்டேன். யார் யாருக்கோ போட்டுக் கொடுத்த கணக்கு. கடைசி மாத அடிப்படைச் சம்பளம் 18,000. பதினைந்தால் பெருக்கி 26-ஆல் வகுத்தால் வருஷத்துக்கு 10,385. சேர்ந்தது 2010 ஜூன் 14. 1972 சட்டப்படி கடைசி வருஷத்தில் ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டால் அது முழு வருஷம். டிசம்பர் பாதியைத் தாண்டி நின்றால் 15 வருஷம், 1,55,769. முன்னாலேயே அனுப்பிவிட்டால் 14.

பத்தாயிரத்துச் சொச்சத்துக்காகத் தேதி பார்க்கிறேன். அம்மாவின் ஸ்கேனுக்கே அது போய்விடும். சரி, பார்க்கத்தான் வேண்டும். ஆனால் இதைக் கணக்குப் போட்ட அதே பேனாவில் 'என்றும் நன்றியுடன்' என்று எழுதக் கூசுகிறது.

நவம்பர் 14

'ராஜினாமா' போடலாமா, 'பணி விலகல்' போடலாமா? ராஜினாமா என்றால் பாரசீகத்தில் ஒப்புதல் பத்திரம். கேஸை ராஜி பண்ணிக்கொண்டார்கள் என்கிறோமே, அந்த ராஜிதான். அப்படிப் பார்த்தால் அது இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம்.

'பணி விலகல்' என்றே போட்டுவிட்டேன்.

நவம்பர் 15, வெள்ளி

"பத்தரைலிருந்து பன்னெண்டு வரைக்கும் ராகுகாலங்க, அப்பக் கொடுத்துறாதீங்க" என்றாள் மனைவி. பன்னிரண்டுக்கு மேல் முதலாளி பேங்குக்குப் போய்விட்டார். பை கனக்க வீட்டுக்கு வந்தேன்.

நவம்பர் 16

கார்த்திகை ஒன்று. முதலாளி மாலை போட்டுவிட்டார். இனி நாற்பத்தொரு நாளும் 'சாமி'தான். கறுப்பு வேட்டி, வெறுங்கால், நெற்றி நிறைய விபூதி. இந்தக் கோலத்தில் இருப்பவரிடம் போய் என்ன சொல்வது?

நவம்பர் 17

மூன்று முறை கிழித்தேன். முதலில் ஒன்றரைப் பக்கம் வந்தது. அதில் "பல இக்கட்டான சூழ்நிலைகளிலும் பொறுமையுடன் பணியாற்றினேன்" என்று ஒரு வரி. யாருக்கும் ஒன்றும் தெரியாது, அவருக்குத் தெரியும். 2017 ஜூலை, ஜி.எஸ்.டி. வந்த முதல் மாதம். ஆடிட்டர் ஆபீஸ் செய்த தப்புக்கு, கட்டிங் மேஜை பக்கத்தில் நிற்க வைத்து அத்தனை பேர் முன்னாலும் என்னைக் கேட்டார். ஏழு வருஷம் கழித்து 'பொறுமை' என்ற ஒரு சொல்லில் அதைச் சுருட்டி வைத்திருக்கிறேன். எடுத்துவிட்டேன். எடுத்ததும் பெருந்தன்மை ஒன்றும் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

அப்பாவை எடுத்த அன்று மழை. மயானத்தில் கடைசி வரைக்கும் செருப்பில்லாமல் நின்றது அவர்தான். அதையும் எழுதவில்லை. அதை எழுதினால் இதையும் எழுத வேண்டும்.

மிஞ்சியது ஐந்து வரி. சொந்தக் காரணங்களால் விலகுகிறேன், டிசம்பர் 18 வரை பணியில் இருப்பேன், புதிதாக வருபவருக்குக் கணக்குகளைச் சொல்லிக் கொடுத்து ஒப்படைப்பேன், இங்கே கற்ற தொழிலுக்கு நன்றி, விடுவிக்க வேண்டுகிறேன். 'தாழ்மையுடன்' இல்லை.

நவம்பர் 18, திங்கள்

ஒன்பது மணிக்கு மேல் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து படித்தார்.

"கையெழுத்து நல்லா இருக்கு கண்ணு."

"சரிங்க சாமி."

"அம்மாவுக்கு எப்படி இருக்கு?"

அவ்வளவுதான். மடித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில், ஐயப்பன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். தேதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நவம்பர் 19

இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

நவம்பர் 21

போடவில்லை. ஏற்றுமதிக்குத் திரும்ப வரும் வரிப் பணம், டிராபேக், பாக்கி எவ்வளவு என்று கேட்டார், சொன்னேன். பேசும்போது கண்ணாடிக்கு அடியில்தான் என் பார்வை போகிறது. அவரும் பார்க்கிறார்.

நவம்பர் 25

கோவை. நாள் முழுக்க வரிசை. அம்மா ஒரு இட்லி சாப்பிட்டாள்.

டிசம்பர் 2

புதுப் பையன் வந்திருக்கிறான். டேலியில் கணக்கு எழுதத் தெரியும், ஏற்றுமதிக்குச் சுங்கத்தில் போடும் ஷிப்பிங் பில் தெரியாது. என்னை 'சார்' என்கிறான். பீரோவைத் திறந்து காட்டினேன். இன்னொரு சாவி யாரிடம் என்று கேட்டான்.