எவர்சில்வர் பாட்டிலும் ஓடைப் பூச்சியும்: கொடைக்கானல் களப்பயண நாட்குறிப்பு

19 ஜனவரி 2026, திங்கள்

வியாழக்கிழமை வரும் குழு: ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 36, ஆசிரியர்கள் 4. பள்ளி அனுப்பிய பட்டியலில் ஏழு இடங்கள்: ஏரி, கோக்கர்ஸ் வாக், பிரையண்ட் பூங்கா, பைன் காடு, குணா குகை, தூண் பாறை, சூரிய ஆய்வகம். இரண்டரை நாளில் ஏழு இடம் என்றால் பிள்ளைகள் பார்ப்பது பேருந்து ஜன்னலையும் சோளக்கதிர் வண்டியையும்தான். ஆய்வகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிட்டு, மூன்று கேள்விகளாக மாற்றியாயிற்று. மேலே ஏற ஏறக் காற்று எவ்வளவு குளிர்கிறது, எவ்வளவு மெலிகிறது? குடியிருப்புக்கு மேலேயும் கீழேயும் ஓடைத் தண்ணீர் ஒன்றுதானா? மழைத் தண்ணீரை எந்த மண் சீக்கிரம் குடிக்கிறது?

காகித வேலை மூன்று. வண்டிக்கு இ-பாஸ்; 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இது இல்லாமல் முடியாது. சோலைக்குள் கால் வைக்க வனத்துறையின் எழுத்து அனுமதி. பூச்சி பிடிப்பதும் மண் கொத்துவதும் காட்டுக்குள் கூடாது. அதற்குப் பெருமாள்மலைப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் சொல்லி வைத்து, உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறது.

ஆறு பேருக்கு ஒரு குழு, ஆறு குழு. ஒருவர் அளக்க, ஒருவர் நேரம் பார்க்க, ஒருவர் எழுத, ஒருவர் பொருள்களுக்குப் பொறுப்பு, மற்ற இருவர் கைவேலைக்கு. இடம் மாறும்போதெல்லாம் வேலையும் மாற வேண்டும். இல்லாவிட்டால் கையெழுத்து நன்றாக இருக்கும் பிள்ளை மூன்று நாளும் எழுதிக்கொண்டே இருக்கும். எழுதுவது பென்சிலில் மட்டும். மூடுபனி இறங்கினால் ஜெல் பேனா எழுத்து நோட்டு முழுக்க ஊறிவிடும்.

21 ஜனவரி, புதன்

வெப்பமானிகள் 12, எல்லாம் சிவப்பு ஆல்கஹால் போட்டவை. பாதரச வெப்பமானி வெளியில் எடுத்துப் போகவே வேண்டாம். உடைந்தால் புல்லிலிருந்து அதைப் பொறுக்க முடியாது. எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் வைத்துச் சரிபார்த்தோம். நொறுக்கிய ஐஸ், அது முங்கும் அளவுக்குத் தண்ணீர், நன்றாகக் கலக்கி ஐந்து நிமிடம். தண்ணீர் அவசியம், ஃப்ரீசரிலிருந்து எடுத்த வெறும் ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழேயே இருக்கும். எட்டு சரியாக 0 காட்டின. மூன்று 1 டிகிரி கூட. அவற்றின் தலையில் பிளாஸ்டர் ஒட்டி "1 கழி" என்று எழுதியாயிற்று. ஒன்றில் சிவப்புக் கோடு நடுவே அறுந்து நின்றது. கீழ்நோக்கி உதறியும் சேரவில்லை, ஒதுக்கிவிட்டோம்.

வலைகள் ஆறு. 30 சென்டிமீட்டர் சதுர மரச்சட்டம், கொசுவலைத் துணி, கீழ்விளிம்பில் சைக்கிள் செயின் துண்டு. செயின் இல்லாத வலை ஓடையின் அடியில் படியாது. பூச்சியெல்லாம் அதன் கீழே நழுவிப் போய்விடும்.

22 ஜனவரி, வியாழன்

காலை 7 மணிக்கு வத்தலக்குண்டு. தலைக்கு இரண்டு இட்லி. வெறும் வயிறும் கொண்டை ஊசி வளைவில் புரட்டும், பூரியும் புரட்டும். வாந்தி எடுக்கும் பழக்கமுள்ளவர்கள் முன்னிருக்கையில், கண் சாலையில் இருக்கட்டும் என்று சொல்லி.

வத்தலக்குண்டு கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 320 மீட்டர், கொடைக்கானல் ஊர் சுமார் 2,100. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அப்படியானால் மேலே போய்ச் சேரும்போது கிட்டத்தட்ட 12 டிகிரி குறைய வேண்டும். வத்தலக்குண்டு, டம்டம் பாறை, பெருமாள்மலை, வெள்ளி அருவி, ஊர் என்று ஐந்து இடத்தில் நிறுத்தி அளந்தார்கள். முதல் இரண்டு இடத்துக்கும் வித்தியாசமே இல்லை: இரண்டிலும் 19. "மிஸ், தெர்மாமீட்டர் ஓடல" என்றது ஒரு குழு.

வெப்பமானியில் குறை இல்லை. காரணம் இரண்டு. தை மாதத்து இரவில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் வழிந்து அடிவாரத்தில் தேங்குகிறது. விடிந்த பிறகும் கொஞ்ச நேரம் கீழே குளிர், நடுமலை இதம். கொடைக்கானலில் ஏரிக்கரைப் பள்ளத்துப் புல்லில் உறைபனி படிந்திருக்க, அதற்கு மேலே இருக்கும் சரிவில் படியாமல் இருப்பதும் இதனால்தான். இரண்டாவது, வண்டி ஏறும்போதே வெயிலும் ஏறுகிறது. ஏழு மணிக் கீழ் வெப்பத்தையும் பத்து மணி மேல் வெப்பத்தையும் பக்கத்தில் வைத்தால் அளப்பது உயரத்தையா, நேரத்தையா?

இதற்காகவே ஓர் ஆசிரியரை வத்தலக்குண்டிலேயே விட்டு வந்திருந்தோம். அரை மணிக்கொரு முறை நிழலில் அளந்து போனில் சொல்லிவிட்டு, மதியப் பேருந்தில் மேலே வந்தார். பத்து மணிக்குக் கீழே 25, மேலே 14. வித்தியாசம் 11. இப்போது கணக்கு பக்கத்தில் வந்துவிட்டது. பேருந்துக்குள் தொங்கவிட்டு அளந்த ஒரு குழுவின் ஐந்து எண்களும் வீண்; அவை உள்ளே இருந்த அத்தனை பேரின் மூச்சை அளந்திருக்கின்றன.

மாலையில் விடுதிச் சமையலறையில் தண்ணீர் கொதிக்க வைத்தோம். திறந்தவெளியில் ஸ்டவ் வேண்டாம், காற்று அணைத்துவிடும். வெப்பமானியின் குமிழ் பாத்திரத்தின் அடியில் படாமல் தொங்க வேண்டும்; பட்டால் கூடுதலாகக் காட்டும். 93, 93, 94, 93. மெலிந்த காற்றில் கொதிக்கிற தண்ணீர் 93க்கு மேல் ஏறாததால்தான் இங்கே திறந்த பானையில் பருப்பு வேகாமல் அடம்பிடிக்கிறது. சமையல்கார அக்கா குக்கர் விசிலைக் காட்டி ஒரே வரியில் இதைச் சொல்லிவிட்டார்.

23 ஜனவரி, வெள்ளி

ஓடை நாள். பெருமாள்மலைத் தோட்டம், ஒரே ஓடையில் இரண்டு இடம்: குடியிருப்புக்கு 200 மீட்டர் மேலே, துணி துவைக்கும் கல்லுக்கு 100 மீட்டர் கீழே. ஆழம் முழங்காலுக்கு மேல் இருந்தால் இறங்குவதில்லை. செருப்பு வேண்டாம், கயிறு கட்டும் பழைய கேன்வாஸ் ஷூ போதும்.

முறை: வலையை நீரோட்டத்துக்கு எதிர்முகமாக நட்டு ஒருவர் பிடிக்க வேண்டும். வலைக்கு முன்னால், தண்ணீர் வருகிற பக்கம், ஒரு மீட்டர் நீளத்துக்குக் கற்களைக் காலால் புரட்டிக் கிளற வேண்டும், சரியாக ஒரு நிமிடம். பெரிய கல்லைக் கையில் எடுத்து வலை வாயில் தேய்த்துக் கழுவி அதே இடத்தில் கவிழ்த்து வைக்க வேண்டும். பிறகு வலையை வெள்ளைத் தட்டில் கவிழ்த்து, இரண்டு விரல் ஆழத்துக்கு ஓடைத் தண்ணீர் ஊற்றிவிட்டு, இரண்டு நிமிடம் யாரும் தொடாமல் இருக்க வேண்டும். கஷ்டமான கட்டம் இதுதான். குப்பை அடங்கினால் பூச்சி தானே நகரும். உடனே கிளறினால் சேறு மட்டும்தான் தெரியும். எடுக்க மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷும் பிளாஸ்டிக் கரண்டியும். இடுக்கி கொடுத்தால் கால் பிய்ந்துவிடும்.

அடையாளம் மூன்று போதும். வயிற்றின் இருபுறமும் இலை போலச் செவுள் அசைந்து, வாலில் பெரும்பாலும் மூன்று இழை இருந்தால் மேஃப்ளை. வாலில் இரண்டே இழை, வயிற்றோரம் செவுள் இல்லை என்றால் ஸ்டோன்ஃப்ளை. மணலையோ குச்சியையோ ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு அதோடு ஊர்ந்தால் கேடிஸ் புழு. முதல் இரண்டும் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் தாங்காது. இவை இல்லாமல், ரத்தச் சிவப்பில் நெளியும் புழு மட்டும் கூட்டமாக இருந்தால் தண்ணீரில் கழிவு சேர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். அந்தச் சிவப்பு நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் வகைதான்; குறைந்த ஆக்சிஜனிலும் அதை வைத்துப் பிழைத்துக்கொள்கிறது.

மேல் இடத்தில் ஆறு குழுவுக்கும் சேர்த்து மேஃப்ளை 41, ஸ்டோன்ஃப்ளை 9, கேடிஸ் 17. கீழ் இடத்தில் மேஃப்ளை 6, ஸ்டோன்ஃப்ளை இல்லை, கேடிஸ் 4, சிவப்புப் புழு 58. உடனே "சோப்புத் தண்ணிதான் காரணம்" என்று தீர்ப்பு வந்தது. அவ்வளவு அவசரம் கூடாது. கீழ் இடத்தில் மரநிழல் இல்லை, அடியில் கல்லுக்குப் பதில் வண்டல், ஓட்டமும் மெதுவு. இந்த மூன்றில் எது மாறினாலும் பூச்சி மாறும். நோட்டில் "காரணமாக இருக்கலாம்" என்று எழுதவைக்கப் பத்து நிமிட வாக்குவாதம் ஆனது. அந்தப் பத்து நிமிடத்துக்காகவே இந்தப் பயணம் வரலாம்.

தவறியது: ஒரு தட்டு வெயிலில் இருந்துவிட்டது. ஆழமில்லாத தண்ணீர் கால் மணி நேரத்தில் சூடாகி, மூன்று மேஃப்ளை செத்தன. தண்ணீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். இனி தட்டு நிழலில், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றம், எண்ணி முடித்ததும் பிடித்த இடத்திலேயே விட வேண்டும்.

நீரோட்ட வேகத்துக்கு முழு ஆரஞ்சுப் பழம். பாதிக்கு மேல் முங்கி மிதப்பதால் காற்று தள்ளாது. இலையும் தெர்மாகோலும் காற்றோடு ஓடிவிடும். 5 மீட்டர் தூரம், மூன்று முறை, சராசரி. மேற்பரப்பு வேகம் அடியைவிட அதிகம் என்பதால் 0.85 ஆல் பெருக்க வேண்டும். நான்காவது முறைக்குப் பழம் மிஞ்சவில்லை.

அட்டைப்பூச்சிக் கடி நான்கு பேருக்கு. நகத்தால் வாய்ப்பக்கத்தை நெம்பித் தள்ளினால் போதும். உப்போ தீயோ வைத்தால் அது உள்ளே இருப்பதைக் கக்கிவிடும். ரத்தம் உறையாமல் வைக்கும் பொருளை அது செலுத்திவிடுவதால் கசிவு கொஞ்ச நேரம் நிற்காது; பஞ்சால் அழுத்திப் பிடித்தால் சரி.

24 ஜனவரி, சனி

விடுதிக்குப் பின்னால் காட்டுமாடுகள் ஐந்து, கன்றோடு. மண் சோதனைக்குப் போகும் பாதையை அடைத்து நின்றன. காத்திருப்பதைத் தவிர வழியில்லை. கை தட்டுவதும் போட்டோவுக்குக் கிட்டப் போவதும் கூடாது. ஒன்றே கால் மணி நேரம் போயிற்று. மூன்றாவது கேள்வி அரைகுறையாக முடிந்தது அதனால்தான். இரண்டு பக்கமும் திறந்த 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள பால்பவுடர் டப்பாவை மரக்கட்டை வைத்து மண்ணுக்குள் 5 சென்டிமீட்டர் இறக்கி, 240 மில்லி ஊற்றி, வற்றும் நேரம் பார்ப்பது. அதாவது 3 சென்டிமீட்டர் மழை. சோலை மரத்தடியில் 50 விநாடி. நடைபாதையில் 20 நிமிடமாகியும் பாதி நின்றது. பைன் மரத்தடியில் ஒரு குழுவுக்கு 2 நிமிடம், ஒரு குழுவுக்கு 11. காய்ந்த பைன் ஊசிக்கடியில் மண் தண்ணீரை ஒட்டவிடாமல் முத்து முத்தாக உருட்டுகிறது. 2 நிமிடக்காரர்களின் டப்பாவோரம் ஒரு வேர் விட்ட இடைவெளியில் வெளியே கசிந்திருந்தது. மறுபடி செய்ய நேரமில்லை.

வழியில் குறிஞ்சிப் புதர், பூவில்லாமல். கடைசியாகப் பூத்தது 2018, அடுத்தது 2030. ஏழாம் வகுப்புக்காரர்கள் விரல்விட்டுப் பார்த்து "அப்போ நாங்க பிளஸ் டூ" என்றார்கள்.

சூரிய ஆய்வகத்தில் முக்கால் மணி நேரம். 1899இல் சென்னையிலிருந்து மலைக்கு வந்தது. 1909இல் வானியலாளர் எவர்ஷெட் இங்கேதான் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டார். 5 மில்லிமீட்டர் கண்ணாடித் துண்டால் வெயிலை 20 மீட்டர் தள்ளி இருட்டுச் சுவரில் விழவைத்தால் 18 சென்டிமீட்டர் சூரியன் கிடைக்கும் என்று காட்ட நினைத்தோம். பத்தரைக்கே மேகம் மூடிவிட்டது.

கிளம்புமுன் கடைசி வேலை, காற்று மெலியும் முதல் கேள்விக்காக. பிள்ளைகளின் ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில் ஆறு, உள்ளே துடைத்துக் காயவைத்து, திறந்தபடி பத்து நிமிடம் வெளியில் வைத்து, இறுக மூடி வண்டியில் ஏற்றினோம். சூடு தாங்கும் இரட்டைச் சுவர் பாட்டில் உதவாது, உள்காற்று வெளி வெப்பத்துக்கு வராது.

மதியம் 2.30, வத்தலக்குண்டு. பாட்டிலைத் தலைகீழாக வாளித் தண்ணீருக்குள் முக்கி, உள்ளேயே மூடியைத் திறக்க வேண்டும். தண்ணீர் சர்ரென்று மேலேறும். உள்மட்டமும் வெளிமட்டமும் ஒன்றாகும்வரை பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, மூடி, எடுத்து அளக்க வேண்டும்.

கணக்குப்படி: மேலே காற்றழுத்தம் சுமார் 785 மில்லிபார், கீழே சுமார் 975. ஆயிரம் மில்லி காற்று 805 ஆகச் சுருங்க வேண்டும், 195 மில்லி தண்ணீர் ஏற வேண்டும். கிடைத்தது 160, 155, 165, 150, 0, 0. பூஜ்யம் இரண்டுக்கும் மூடிக்குள் இருக்கும் ரப்பர் வாஷரில் மணல். மற்ற நான்கிலும் 30 முதல் 45 மில்லி குறைவது ஏன்? மேலே மூடியபோது 14 டிகிரி, கீழே 28. சூடான காற்று விரிந்து சுருக்கத்தில் ஒரு பங்கைத் திருப்பி வாங்கிக்கொண்டது. இதை எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்காமலே சொன்னாள், மூன்று நாளும் அதிகம் வாய் திறக்காதவள்.

26 ஜனவரி, திங்கள்

வலைகள் கழுவிக் காயவைத்தாயிற்று. சேறோடு சுருட்டினால் துணி இற்றுவிடும், ஓர் ஓடையின் உயிர்கள் அடுத்த ஓடைக்கும் போய்விடும். செயின்களுக்கு எண்ணெய் விட வேண்டாம், தண்ணீரில் படலம் மிதக்கும். துரு பிடித்தால் மாற்றினால் போதும். டப்பாக்களின் விளிம்பை அரம் போட்டு மழுக்க வேண்டும், ஒரு பையனின் கட்டைவிரல் கிழிந்தது. வாங்க வேண்டியவை: வெப்பமானி 1, வாஷர் 6, ஆரஞ்சு இரண்டு கிலோ.