நின்று செய்யும் வேலையும் பிள்ளைத்தாய்ச்சியின் கால் நரம்பும்

என் இடது காலில் முழங்காலின் உள்பக்கம் தொடங்கி கணுக்கால் வரைக்கும் ஒரு பச்சை நரம்பு நெளிந்து இறங்குகிறது. நரம்பு சுருட்டு (வெரிகோஸ் வெயின்) என்பார்கள். மூத்தவன் வயிற்றில் இருந்தபோது அது வெறும் கோடுதான். சின்னவள் உண்டாகி ஐந்தாம் மாதம் வந்தபோது, விரலால் தடவினாலே புடைப்பு தட்டுப்பட்டது. அப்போது மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சுடிதார் செக்‌ஷனில் இருந்தேன். காலையில் கவுண்ட்டருக்குள் போனால், சாப்பாட்டு நேரம் தவிர, இரவு கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். சாயங்காலம் ஆனால் கால் ஈயக்குண்டு கட்டியதுபோல் கனக்கும். கொலுசு பதிந்து தடம் விழும். ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துத் தூக்கம் போய்விடும்.

"மாசமா இருந்தா கால் கனக்கத்தான் செய்யும்" என்று கடையில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு இந்தப் பதில் பிடிக்கவே இல்லை. எல்லோருக்கும் வருகிறது என்பதற்காக ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டுமா?

செக்கப்புக்குப் போனபோது மகப்பேறு டாக்டரிடம் காலைக் காட்டினேன். முதலில் பிரஷர் பார்த்தார், சிறுநீர் பரிசோதனை எழுதினார். கை, முகம் வீங்கி, தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்தால் அது வேறு விஷயம், உடனே ஓடி வர வேண்டும் என்றார். அப்புறம்தான் நரம்புக்கு வந்தார். காலிலிருந்து ரத்தம் மேலே ஏற வேண்டும். அதைக் கொண்டுபோகும் ரத்தக்குழாய்தான் சிரை, நாம் நரம்பு என்று சொல்வது. ரத்தம் கீழே திரும்பி வராமல் இருக்க சிரைக்குள் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. கர்ப்பத்தில் உடம்பில் ஓடும் ரத்தம் ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது. புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சிரையின் சுவரைத் தளர்த்துகிறது. வளரும் கர்ப்பப்பை இடுப்புக்குள் இருக்கும் பெரிய சிரைகளை அழுத்துகிறது. வால்வு சரியாக மூடாமல் ரத்தம் காலிலேயே தேங்கிவிடுகிறது. இதை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசைதான். நடந்தால் அது வேலை செய்யும், அசையாமல் நின்றால் செய்யாது. அம்மாவுக்கும் நரம்பு சுருட்டு உண்டா என்று கேட்டார். உண்டு.

ஆகவே எனக்கு முதல் மருந்து ஒரு ஸ்டூல். கேட்டேன். "கஸ்டமர் வர்றப்ப உட்கார்ந்திருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார் சூப்பர்வைசர் அண்ணன். தமிழ்நாட்டில் 2021-லேயே கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். கேரளத்தில் அதற்கும் முன்பே, 2018-இல். 1961-இல் வந்த மகப்பேறு நலச் சட்டமோ, பேறுகாலம் நெருங்கும்போது கர்ப்பிணி கேட்டுக்கொண்டால், நெடுநேரம் நிற்கும் வேலையைத் தரக்கூடாது என்று அன்றைக்கே சொன்னது. டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போய் இதையெல்லாம் சொன்ன பிறகு பில்லிங்குக்கு மாற்றினார்கள். அங்கே நாற்காலி உண்டு. சட்டம் இருப்பது தெரியாமல் இன்றும் எத்தனை தங்கச்சிகள் கவுண்ட்டருக்குப் பின்னால் கால் மாற்றி மாற்றி நிற்கிறார்கள்! நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அடுத்தது ஸ்டாக்கிங்ஸ், காலை இறுக்கிப் பிடிக்கும் நீள உறை. முழங்கால் வரைக்கும், கிளாஸ் 2 என்று எழுதித் தந்தார். கணுக்காலில் 23 முதல் 32 மி.மீ. பாதரச அளவுக்கு அழுத்தும் வகை அது. எல்லோருக்கும் இதே வகை ஒத்துவராது, டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அளவு எடுக்க சர்ஜிகல் கடைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். சாயங்கால வீக்கத்தோடு அளந்தால் தளர்ந்த சைஸ்தான் கிடைக்கும். கணுக்காலின் ஒடுங்கிய இடம், கெண்டைக்காலின் தடித்த இடம், இரண்டையும் டேப்பால் அளக்க வேண்டும்.

காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே, காலில் வீக்கம் ஏறுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். குதிகால் வரைக்கும் உள்பக்கத்தை வெளியே திருப்பி, பாதத்தை நுழைத்து, குதிகால் சரியாக உட்கார்ந்ததும் மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்ற வேண்டும். வயிறு பெரிதான பிறகு எனக்குக் குனிய வராது. வீட்டுக்காரர் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு ஏற்றிவிடுவார். கையுறையோடு தடவினால் துணி நன்றாகப் பிடிக்கும், நகமும் கீறாது. எங்கேயும் சுருக்கம் நிற்கக்கூடாது. மேல் ஓரத்தை மடித்துச் சுருட்டிவிட்டால் அந்த இடமே கயிறு கட்டியது போல இறுக்கும். மதுரை வெயிலில் அரிக்கும், வியர்க்கும். ஆனாலும் போட்ட நாளில் ராத்திரி இழுப்பு இல்லை.

இடது பக்கம் சரிந்து படுப்பது, சும்மா இருக்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது, தலையணை மேல் காலை வைப்பது எல்லாம் கூடவே உண்டு. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், மூலமும் இதே மாதிரி சிரை புடைப்பதுதான். பெண்ணுறுப்புப் பக்கமும் நரம்பு புடைக்கலாம். கூச்சப்பட்டு மறைக்க வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.

பிரசவம் முடிந்து அம்மா வீட்டுக்குப் போனபோது வேறு ஒரு சிக்கல். அப்பத்தா எண்ணெய் காய்ச்சி வைத்திருந்தார், காலை அழுத்தி நீவி, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவதற்கு. முதுகுக்கும் கைக்கும் சரி என்றேன், காலுக்கு மட்டும் வேண்டாம் என்றேன். பிள்ளை பெற்ற முதல் 6 வாரங்களில்தான் ஆழமான சிரைகளில் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் நீவவே கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். அப்பத்தாவுக்கு முதலில் மனசு வருத்தம். பிறகு அவரே என்னைக் கையைப் பிடித்து முற்றத்தில் நடக்க வைத்தார். பச்சை உடம்பு என்று நாளெல்லாம் படுக்க வைக்காததுதான் அவர் செய்த பெரிய உதவி.

பெரும்பாலானவர்களுக்கு சில மாதங்களில் நரம்பு தானாகவே சுருங்கிவிடும். அதனால்தான் புடைத்த நரம்பை மூடும் லேசர், ஊசி வைத்தியத்துக்கெல்லாம் டாக்டர்கள் அவசரப்படுவதில்லை. எனக்கு மூத்தவன் பிறந்த பிறகு அப்படித்தான் மறைந்தது. இந்தத் தடவை சின்னவளுக்கு முதல் பிறந்தநாள் கொண்டாடிய பிறகும் புடைப்பு அப்படியே இருக்கிறது, கணுக்கால் பக்கம் தோல் கொஞ்சம் கறுத்து அரிக்கிறது. டாப்ளர் ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள். எந்த வால்வில் கசிவு என்று அதில் தெரியும். இனி பிள்ளை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டதால் லேசர் பற்றியும் பேசலாம் என்றார் டாக்டர். ஸ்கேன் முடிந்து என்ன சொல்கிறார்கள் என்று அடுத்த பதிவில் எழுதுகிறேன்.