வெனிஸில் அம்மாவின் முழங்காலும் ஒன்றாம் நம்பர் படகும்

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதரையில் ஒரு மணி நேரம்கூட நடப்பார், படி என்றால்தான் பிரச்சினை, அதிலும் ஏறுவதைவிட இறங்கும்போதுதான் வலி அதிகம். இது தெரிந்தும் அக்டோபரில் அவரை வெனிஸுக்கு அழைத்துப் போனேன். நூற்றுக்கும் மேற்பட்ட குட்டித் தீவுகள், அவற்றைக் கோத்து வைத்திருக்கும் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் என்றெல்லாம் படித்திருந்தேன். அந்தப் பாலங்களில் பெரும்பாலானவை படி வைத்தவை என்பதைத்தான் யோசிக்கவில்லை. அடியில் படகு போகவேண்டும், அதனால் பாலம் முதுகைத் தூக்கிக்கொண்டு நிற்கும். மேலே வண்டி ஓடுவதில்லை, அதனால் சரிவாகக் கட்டவேண்டிய தேவையும் வந்ததில்லை.

வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போக நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போகவேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். தாராளமாகப் போங்கள், ஆனால் எதில் ஏறி எங்கே இறங்குவது என்பதை முன்னாலேயே யோசித்துவிட்டுப் போங்கள்.

முதல் நாள் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். மியூனிக்கிலிருந்து பகல் ரயிலில் வந்தோம். 1846-ல் கட்டிய ரயில் பாலத்தின் மேல், இரண்டு பக்கமும் காயல் தண்ணீர் விரிந்து கிடக்க, ரயில் மெதுவாக ஊருக்குள் நுழையும், அது ஒரு அருமையான வருகை. சாந்தா லூச்சியா நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே சாலை இல்லை, ஊரை ஊடறுத்துப் போகும் பெரிய வாய்க்காலான கிராண்ட் கனால்தான் நேராக. அம்மா அப்படியே நின்றுவிட்டார். தங்கும் வீடு சான் ஸ்தாயே பக்கம். வீட்டுக்காரர் "ஸ்டேஷனிலிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிட நடை" என்று எழுதியிருந்தார், போனில் வரைபடமும் அதையேதான் காட்டியது. வரைபடம் நிமிடத்தைக் கணக்குப் பண்ணும், படியைப் பண்ணாது. ஸ்டேஷன் எதிரிலேயே இருக்கும் ஸ்கால்சி பாலம் உயரமானது. இரண்டு பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி மேலே வைத்துவிட்டு, திரும்பி வந்து அம்மாவின் கையைப் பிடித்து ஏற்றி, மறுபக்கம் இறக்கி, அதற்கப்புறம் இன்னும் சில சின்னப் பாலங்கள். வீடு போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ராத்திரி தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டார்.

மறுநாள் காலையில்தான் பார்த்தேன், வீட்டிலிருந்து இரண்டு நிமிட நடையில், ஒரு பாலம்கூடக் குறுக்கிடாமல், சான் ஸ்தாயே படகுத்துறை. ஸ்டேஷன் வாசலில் படகு ஏறியிருந்தால் மூன்றாவது நிறுத்தத்திலேயே வந்து இறங்கியிருக்கலாம், ஒரு படிகூட ஏறாமல்.

அந்தப் படகுக்குப் பெயர் வாப்பொரெட்டோ. நம்மூர் டவுன் பஸ் மாதிரிதான், நம்பர் உண்டு, நிறுத்தம் உண்டு, காலையில் வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் காய்கறிப் பையோடு பாட்டிகளும் நெருக்கியடித்து நிற்பார்கள். நிறுத்தம் ஒரு மிதவை மேடை. தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் மேடையும் கூடவே ஏறி இறங்குவதால், படகின் தளமும் மேடையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். அம்மா பயமில்லாமல் அடியெடுத்து வைத்தார். சக்கர நாற்காலியில் வருபவர்களையும் பார்த்தோம். ஒரு தடவை டிக்கெட் 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். அது கட்டாது. 72 மணி நேர பாஸ் 45 யூரோ, நாங்கள் எடுத்தது அதைத்தான், மூன்று நாளும் யோசிக்காமல் ஏறி இறங்கினோம். பாஸ் இருந்தாலும் ஒவ்வொரு முறையும் மேடையில் உள்ள மெஷினில் தொட்டுவிட்டு ஏறவேண்டும், மறந்தால் அபராதம்.

ஒன்றாம் நம்பர் படகுதான் முக்கியம். பியாத்சாலே ரோமாவில் கிளம்பி, கிராண்ட் கனால் முழுக்க இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக மாறி மாறி நின்று, ரியால்டோ, சான் மார்க்கோ எல்லாம் கடந்து லீடோ தீவு வரைக்கும் போகிறது. அவசரக்காரர்களுக்கு இரண்டாம் நம்பர் இருக்கிறது, அதை எடுக்காதீர்கள். கிராண்ட் கனால் மொத்தமே நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மெதுவாகப் போனால்தான் அழகு. உட்கார இடம் வேண்டுமென்றால் புறப்படும் இடமான பியாத்சாலே ரோமாவுக்கே போய் ஏறுங்கள், கூட்டம் ஏறுவது அடுத்த நிறுத்தமான ஸ்டேஷனில்தான். திறந்தவெளியில், படகின் முன்னாலோ பின்னாலோ இடம் கிடைத்துவிட்டால் அதற்குமேல் என்ன வேண்டும்.

முதல் தடவை ஒன்றாம் நம்பரில் போனபோது பயணம் முழுக்க அம்மா ஜன்னல்களை விட்டுவிட்டுக் கதவுகளையே பார்த்துக்கொண்டு வந்தார். மாளிகைகளுக்கெல்லாம் பெரிய வாசல் தண்ணீர்ப் பக்கம்தான் இருக்கிறது. வளைவு வைத்த கதவு, அதிலிருந்து நாலைந்து படி நேராகத் தண்ணீருக்குள் இறங்கும், கீழ்ப்படிகளில் பச்சைப் பாசி. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார், "நம்மூர்ல வாசல்ல தெரு, கொல்லையில வாய்க்கால். இங்க தண்ணிதான் வாசல், தெருவைக் கொல்லையில வச்சிருக்காங்க." அம்மா பிறந்தது திருவாரூர்ப் பக்கம், அவர் கண்ணுக்கு அது உடனே பிடிபட்டது. நான் அதற்கு முன்னால் இரண்டு முறை வெனிஸ் போயிருக்கிறேன், இரண்டு முறையும் சந்துகளிலேயே நடந்துவிட்டு வந்தேன், அதாவது ஊரின் கொல்லைப்புறத்தில். சந்தில் நடந்தால் மாளிகைகளின் உயரமான சுவர்தான் தெரியும். காதோரோ மாளிகையின் சல்லடை மாதிரியான கல்வேலைப்பாட்டை நேருக்கு நேர் பார்க்கத் தண்ணீரில் இருக்கவேண்டும், அல்லது எதிர்க்கரையில் நிற்கவேண்டும்.

அப்புறம், தண்ணீர்தான் தெரு என்பதால் தெருவில் நடப்பதெல்லாம் அங்கேதான் நடக்கிறது. குப்பைப் படகு, கூரியர் படகு, வாஷிங் மெஷின் ஏற்றிவந்த படகு, நீலவிளக்குச் சுழல அலறிக்கொண்டு போன ஆம்புலன்ஸ் படகு. ஆம்புலன்ஸைப் பார்த்ததும் எங்கள் படகு ஓட்டியவர் ஒதுங்கி வழிவிட்டார். எனக்கு எந்த மாளிகையையும்விட இதுதான் மனசில் நிற்கிறது.

இரண்டாம் நாள் ராத்திரி எட்டு மணிக்கு மறுபடியும் அதே படகு. கூட்டமே இல்லை. மாளிகைகளில் விளக்குப் போட்டிருந்ததால் மேல்மாடிக் கூரையின் மர உத்தரங்களும் சரவிளக்கும் ஓவியமும் வெளியிலிருந்தே தெரிந்தன, பகலில் அதைப் பார்க்க முடியாது. ஒரே பாதையைப் பகலில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை போங்கள்.

நடப்பதைப் பற்றிச் சொல்லவேண்டும். நடக்காமல் வெனிஸ் இல்லை, ஆனால் நடையைத் துண்டு துண்டாக்கிக்கொண்டோம். எந்தத் துறையில் இறங்கினால் பாலம் ஏறாமல் எவ்வளவு தூரம் சுற்றலாம் என்று பார்ப்பது, அவ்வளவுதான். நகராட்சியே இப்படிப் பாலமில்லாமல் போகக்கூடிய பகுதிகளைக் குறித்து ஒரு வரைபடம் வெளியிட்டிருக்கிறது, கட்டாயம் பாருங்கள். வல்லரெசோ துறையில் இறங்கினால் சான் மார்க்கோ சதுக்கத்துக்குப் படியே இல்லை. ரியால்டோ மெர்க்காத்தோவில் இறங்கினால் காலையில் மீன் சந்தை, எதிரிலேயே. கா ரெசோனிக்கோவில் இறங்கினால் சான் பார்னபா சதுக்கம், அங்கே பாலத்தடியில் ஒரு படகையே காய்கறிக் கடையாக வைத்திருக்கிறார்கள். அம்மா அங்கே நின்ற நேரத்தைப் பார்த்தால் தேவாலயங்களெல்லாம் பின்னால்தான் நிற்கவேண்டும்.

களைத்துப்போனால் பாலத்துப் படியில் உட்காரலாம் என்று நினைக்காதீர்கள், நிறைய இடங்களில் அதற்கு அபராதம் போடுகிறார்கள். காப்பிக் கடையில் நின்று குடித்தால் ஒரு விலை, மேஜையில் உட்கார்ந்தால் வேறு விலை. சான் மார்க்கோ சதுக்கத்துப் பெரிய கடைகளில் வாத்தியம் வாசித்தால் அதற்கும் தனியாகச் சேர்ப்பார்கள். நாங்கள் உட்காரும் விலையையே கொடுத்தோம், ஆனால் சதுக்கத்தைவிட்டுத் தள்ளி, சின்னக் கடையாகப் பார்த்து. சைக்கிள் பற்றி யாராவது கேட்டால், ஊருக்குள் கிடையாது, தள்ளிக்கொண்டு போகக்கூட அனுமதி இல்லை. லீடோ தீவில்தான் சைக்கிளும் பஸ்ஸும், அந்த பஸ்ஸுக்கும் இதே பாஸ் செல்லும்.

இனி கொண்டோலா, வெனிஸின் துடுப்புப் படகு. பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, சாயங்காலம் ஏழுக்குமேல் 110, இது நகராட்சி நிர்ணயித்த விலை. ஆளுக்கு அல்ல, படகுக்கு, ஐந்து பேர் வரை ஏறலாம். அது பணக்காரர்களின் வேடிக்கை என்று ஒதுக்கிவிட வேண்டாம், அந்தப் படகின் வேலைப்பாட்டை அருகில் பார்த்தால் மரியாதை வந்துவிடும். பதினொரு மீட்டர் நீளம், கறுப்பு நிறம், எட்டு வகை மரங்கள். படகோட்டி பின்னால் ஒரு பக்கமாக நின்று ஒரே துடுப்பால் வலிக்கிறார், அது வட்டமடிக்காமல் நேராகப் போவதற்காகப் படகின் இடது பக்கத்தை வலதைவிட அகலமாகச் செய்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் லேசாகக் கோணலாகவே இருக்கும். துடுப்பைத் தாங்கும் மரத்தாங்கிக்குப் பெயர் ஃபோர்கொலா, சிற்பம் மாதிரி வளைந்திருக்கும். துடுப்பை அதில் எந்த வளைவில் வைக்கிறார் என்பதைப் பொறுத்து முன்னே போகும், நிற்கும், திரும்பும். திருப்பத்தில் "ஓயே" என்று குரல் கொடுப்பார், எதிரே வருகிறவருக்கு எச்சரிக்கை. சான் மார்க்கோ முன்னால் ஏறாமல் உள்ளே ஒரு சின்ன வாய்க்காலில் ஏறினோம், மோட்டார் சத்தமே இல்லை, துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீர்தான் கேட்டது. ஆனால் மூட்டுவலிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இருக்கை ரொம்பத் தாழ்வு. உட்கார்ந்துவிடலாம், எழுவதுதான் கஷ்டம். படகோட்டி முழங்கையை நீட்டி அம்மாவைத் தூக்கிவிடவேண்டி வந்தது.

கொண்டோலாவின் சுவை மட்டும் போதும் என்றால் த்ரகெட்டோ இருக்கிறது. கிராண்ட் கனாலுக்குக் குறுக்கே பாலங்கள் மொத்தம் நாலுதான், ஆகவே இடையிடையே இரண்டு பேர் துடுப்புப் போடும் பெரிய படகில் அக்கரைக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். வெளியூர்க்காரர்களுக்கு 2 யூரோ. மீன் சந்தைக்கு எதிரே சாந்தா சொஃபியாவில் ஏறலாம். ஊர்க்காரர்கள் நின்றுகொண்டே போகிறார்கள், அம்மா ஓரப்பலகையில் உட்கார்ந்துகொண்டார். இரண்டு மூன்று நிமிடப் பயணம்தான். ரியால்டோ பாலத்தின் படிகள் அதனால் மிச்சம்.

வாட்டர் டாக்ஸியை மட்டும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். விமான நிலையத்திலிருந்து வர நூறு யூரோவுக்குமேல் ஆகும் என்பது ஒரு காரணம். வேகமாகப் போகும் மோட்டார் படகுகளின் அலை அடித்து அடித்து வீடுகளின் அஸ்திவாரம் அரிக்கிறது என்பது பெரிய காரணம். ஊர்க்காரர்கள் இதற்காகப் பல வருஷமாகக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், 1975-ல் தொடங்கி வருஷாவருஷம் துடுப்புப் படகுகள் மட்டும் ஓடும் வொகலோங்கா என்ற நாளே அதற்காகத்தான் வந்தது. பொதுப் படகில் இடம் இருக்கும்போது தனிப் படகு எதற்கு.

உயரத்திலிருந்து பார்க்க ஆசையென்றால் சான் மார்க்கோ மணிக்கூண்டின் வரிசையில் நிற்காதீர்கள். எதிர்த்தீவு சான் ஜியோர்ஜியோ மஜ்ஜோரேவுக்கு இரண்டாம் நம்பரில் ஒரே நிறுத்தம், அங்கேயும் மணிக்கூண்டு உண்டு, லிஃப்ட் உண்டு, கூட்டம் குறைவு. புரானோ தீவுக்கு ஃபொண்டமெண்டே நோவே துறையிலிருந்து 12-ம் நம்பர், முக்கால் மணி நேரம், வழியில் சுவர் எழுப்பிய கல்லறைத் தீவைத் தாண்டிப் போகும். வண்ண வீடுகள் நன்றாகத்தான் இருந்தன, மதியக் கூட்டம்தான் தாங்கவில்லை, காலையிலேயே போய்விடுங்கள்.

கடைசி நாள் ரயிலுக்கு மூன்று மணி நேரம் இருந்தது. இன்னொரு தேவாலயம் பார்க்கலாமா என்று கேட்டேன். "வேண்டாம்ப்பா, அந்த ஒண்ணாம் நம்பர்லயே இன்னொரு தரம் போயிட்டு வரலாம்" என்றார். பெட்டிகளை ஸ்டேஷனில் வைத்துவிட்டு லீடோ வரை போய்த் திரும்பினோம். வரும்போது நீர்மட்டம் இறங்கியிருந்தது. முதல் பயணத்தில் பார்த்த வாசல்களில் இன்னும் இரண்டு மூன்று படிகள் வெளியே தெரிந்தன, பாசியும் சிப்பியுமாக. அம்மா ஒவ்வொரு வீடாகப் படிகளை எண்ணிக்கொண்டே வந்தார்.